ஒற்றைக் கதவு வண்டியில் சலாலாவுக்கு

ஷார்ஜா முவைலாவில் என் மகன் செந்தில் குடியிருக்கும் கட்டடத்துக்கு மாடிப்படிகள் இரண்டு. ஒன்றில் எல்லோரும் ஏறி இறங்குகிறார்கள். இன்னொன்றில் ஐந்து சைக்கிள், மூன்று செருப்பு அலமாரி, ஒரு குழந்தைத் தள்ளுவண்டி, யாரோ விட்டுப்போன மெத்தை. வந்திறங்கிய அன்றே காவலாளியைத் தேடிக் கிளம்பினேன். "ஏனுங்க, இன்னும் பொட்டி கூடப் பிரிக்கல" என்று சரசு தடுத்துவிட்டாள். சரசு என் மனைவி. இரண்டு முழங்காலிலும் மூட்டு மாற்றியவள்.

இது தொழில் பழக்கம். ஈரோட்டில் வருவாய்த் துறையில் இருந்தபோது, உரிமம் புதுப்பிக்கும் முன் சினிமாக் கொட்டகைகளைப் போய்ப் பார்த்து வருவது என் வேலைகளில் ஒன்று. மணல் வாளிகளை எண்ணுவேன். வெளியேறும் கதவுகளை எண்ணி, ஒவ்வொன்றையும் தள்ளியும் பார்ப்பேன். காங்கேயம் பக்கம் ஒரு கொட்டகையில் நான்கு கதவுகளில் இரண்டுக்குச் சங்கிலி போட்டுப் பூட்டியிருந்தது. முதலாளி கூசாமல் சொன்னார்: "வெளிய போறதுக்கு வெச்ச வழியில உள்ள வந்தர்றானுங்க சார்." டிக்கெட் எடுக்காமல் நுழைகிறவர்களைச் சொன்னார். அந்த வாக்கியத்தை அறிக்கையில் அப்படியே எழுதினேன். மேலதிகாரி படித்துச் சிரித்தார். கொட்டகை ஒரு மாதம் மூடிக் கிடந்தது.

வளைகுடாவில் இருப்பவர்கள் கோடையில் மழை பார்க்க ஓமான் நாட்டின் தென்கோடியில் உள்ள சலாலாவுக்குப் போகிறார்கள். கோயிலுக்குப் போவதுபோல் குடும்பம் குடும்பமாகப் போகிறார்கள். அறை எதுவும் கிடைக்கவில்லை என்று செந்தில் ஒரு கேரவன் பிடித்திருந்தான். எப்படிப் பிடித்தான் என்ற கதையை விடுகிறேன். "சினிமாக்காரங்க ஒக்காந்திருப்பாங்களே, அந்த வண்டியா?" என்று சரசு சந்தோஷப்பட்டாள். மருமகள் கவிதா அரிசி, பருப்பு, குக்கர் எல்லாம் எடுத்து வைத்தாள். பேத்தி யாழினிக்கு ஒன்பது வயது; வண்டியில் மேலே படுக்கை உண்டு என்று கேட்டதிலிருந்து அவள் தரையில் நிற்கவில்லை.

வண்டி பழைய பட்டறைகள் இருக்கும் பகுதியில் நின்றது. அதைப் பார்த்துக்கொள்கிற மாரிமுத்து கோவில்பட்டிக்காரர். நல்ல சிரிப்பு. கொட்டகை முதலாளிகளிடம் இதே சிரிப்பைப் பார்த்திருக்கிறேன்.

"ஜெர்மன் வண்டி சார். வயசு இருபத்தெட்டு. ஆனா இஞ்சின் சும்மா குதிரை மாதிரி இருக்கும், பாத்துக்கிடுங்க."

நான் இஞ்சினைப் பார்க்கவில்லை. உள்ளே ஏறி எண்ணினேன். வீட்டுப் பகுதிக்குக் கதவு ஒன்று, பக்கவாட்டில். கதவை ஒட்டியே இரட்டை அடுப்பு, அடுப்புக்குக் கீழே சிலிண்டர். முன்னால் ஓட்டுநர் பகுதிக்கு இரண்டு கதவு. அதில் வலப்பக்கத்துக் கதவுக்கு உள்பிடி இல்லை. ஓட்டுநர் பகுதியின் தலைக்கு மேல் பேத்தியின் படுக்கை. எங்கள் படுக்கை கடைசியில், பின் ஜன்னலை ஒட்டி. சுவரைத் தட்டினேன். ஒட்டுப்பலகை, அதற்குள் பஞ்சு போல ஏதோ. இது எரிய எவ்வளவு நேரம் ஆகும் என்று மாரிமுத்துவைக் கேட்டேன். அவர் செந்திலைப் பார்த்தார். செந்தில் தன் செருப்பைப் பார்த்தான்.

கூரையில் ஆள் ஏறிப் போகிற அளவுக்கு ஒரு திறப்பு இருந்திருக்கிறது. சட்டம் இன்னும் தெரிந்தது. அந்த ஓட்டையில் ஏசியைப் பொருத்தி வைத்திருந்தார்கள்.

"வரும்போது ஓட்டைதான் சார் இருந்துச்சு. இந்த ஊரு வெயில்ல ஓட்டைய வெச்சு என்ன செய்ய? ஏசி இல்லாம படுத்தா காலைல நம்மள அவிச்ச முட்டையாத்தான் எடுக்கணும்."

பின் ஜன்னலுக்குப் போனேன். கண்ணாடி இல்லை, பழுத்துப்போன தடித்த பிளாஸ்டிக். மேலே கீல். கீழே இரண்டு சிவப்புக் கொண்டி, நடுவில் தள்ளுவதற்கு ஒரு இரும்புக் கைப்பிடி. கொண்டி இரண்டையும் திருப்பித் தள்ளினேன். அசையவில்லை. ஓரம் முழுக்க வெள்ளைப் பசை போட்டு அடைத்திருந்தது. மணல் வராமல் இருக்க என்றார் மாரிமுத்து. வெளியே போய்ப் பார்த்தால், ஜன்னலுக்குக் குறுக்கே ஸ்டெப்னி டயரை மாட்டி வைத்திருந்தார்கள்.

கதவுப் பக்கம் அடுப்பு. கதவுக்கு அப்பால்தான் முன் பகுதி. கூரையில் ஏசி. பின்னால் டயர். அடுப்பில் தீப்பிடித்தால் கடைசிப் படுக்கையில் இருக்கும் சரசு எந்த வழியாக வெளியே வருவாள்? எனக்கு வேறு கேள்வி எதுவும் இல்லை. அதற்குப் பதில் கிடைக்காமல் வண்டியில் ஏற மாட்டேன் என்று ஒரு கவிழ்த்த டப்பாவின் மேல் உட்கார்ந்துவிட்டேன்.

"எத்தனையோ ஃபேமிலி போயிட்டு வந்துருக்கு சார்."

"வராதவங்க வந்து சொல்ல மாட்டாங்க" என்றேன்.

கடைசியில் மாரிமுத்து பிளேடு எடுத்து வந்து பசையை அறுத்தார். டயரைக் கழற்றிக் கூரையில் கட்டினார். முணுமுணுத்துக்கொண்டேதான் செய்தார். ஜன்னல் வெளிப்பக்கமாக உயர்ந்து திறந்தது. ஆள் தாராளமாகப் போகலாம். சரசுவை ஒரு தடவை ஏறி இறங்கிக் காட்டச் சொன்னேன்.

"பட்டறையில அத்தனை ஆம்பளைங்க முன்னால, சேலையத் தூக்கிட்டு ஜன்னல்ல ஏறோணுமா நானு? சாவறதா இருந்தா மொறையா கதவு வழியா வந்து சாவறனுங்க."

"தாத்தா, திஸ் இஸ் ஸோ எம்பாரஸிங்" என்றாள் பேத்தி. தீயணைப்பான் கதவோரம் ஒன்று தொங்கியது. அதன் அழுத்தமானி முள் பச்சையில் நின்றது. முள்ளை யார் வேண்டுமானாலும் பச்சையில் ஒட்டி வைக்கலாம் என்று எனக்குத் தோன்றியது, அதைச் சொன்னேன். கவிதா எலுமிச்சம்பழங்களைச் சக்கரத்துக்கு அடியில் வைத்தாள். ஆறு சக்கரத்துக்கு நான்கு பழம்தான் இருந்தது. அதையும் சொன்னேன். செந்தில் வண்டியைக் கிளப்பினான்.

எல்லையில் எல்லாப் பெட்டிகளையும் திறக்கச் சொன்னார்கள். என் சூட்கேஸில் ரயில் சங்கிலி இருந்தது. பெர்த்துக்குக் கீழே பெட்டிகளைக் கட்டிப் பூட்டுவோமே, அது. நான் எங்கே போனாலும் கூட வரும். சீருடைக்காரர் அதைத் தூக்கிப் பிடித்து யாரைக் கட்டுவதற்கு என்று கேட்டார். செந்தில் அரபியும் இந்தியும் கலந்து விளக்கினான். அவர் இன்னொருவரைக் கூப்பிட்டுக் காட்டினார். இருவரும் சிரித்தார்கள். சங்கிலியைத் திருப்பித் தந்தார்கள், சாவி இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டேன்.

பிறகு பாலைவனம். நேரான சாலை. நம் ஊரில் இவ்வளவு தூரத்துக்கு ஒரு மாவட்டம் மாறி, மண்ணும் பேச்சும் மாறி, காபியின் ருசியும் மாறியிருக்கும். இங்கே ஒட்டகப் படம் போட்ட எச்சரிக்கைப் பலகை மட்டும் வந்துகொண்டே இருந்தது. நாற்பத்தொன்று எண்ணினேன். ஒட்டகம் இரண்டுதான்.

வழியில் ஹைமா என்ற ஊரில் ஒரு டீக்கடை வாசலில் செந்தில் வண்டியை நிறுத்தினான். வண்டிக் கதவு திறக்கவில்லை. வெயிலில் சட்டம் உப்பிக்கொண்டு இறுகிவிட்டது. செந்தில் முன் பக்கமாக இறங்கி வந்து வெளியிலிருந்து காலை ஊன்றி இழுத்தான். கதவு திறந்தபோது வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்த லாரி ஓட்டுநர்கள் ஏழு பேரும் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பட்டாணியரான ஒரு பெரியவர் ஏதோ சொல்ல, மற்றவர்கள் சிரித்தார்கள். என்ன என்று செந்திலைக் கேட்டேன். வீட்டையே தூக்கிக்கொண்டு ஓடுகிறீர்களே, எத்தனை மாத வாடகை பாக்கி என்கிறாராம்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. இருக்கிற ஒரு கதவும் நம்பகமில்லை என்று அங்கே உறுதியானது. நெய் பரோட்டாவும் ஏலக்காய் போட்ட கெட்டி டீயும் நன்றாகத்தான் இருந்தன. என் கவனம் சாப்பாட்டில் இல்லை. இனிமேல் வண்டிக்குள் அடுப்பு பற்ற வைக்கக் கூடாது, சமையல் எல்லாம் வெளியே, வண்டிப் பக்கவாட்டில் இழுத்துவிடும் நிழற்பந்தலில்தான் என்றேன். கவிதா, "சரிங்க மாமா" என்றாள். சரசுவிடம் ஜன்னல் பயிற்சியை மறுபடி சொல்லிப் பார்த்தேன். "பரோட்டாவத் தின்னுங்க" என்றாள்.

சலாலா வந்தது தெரிந்தது மூக்குக்குத்தான். ஒரு மேடு ஏறி இறங்கியதும் ஈர மண் வாசனை. கண்ணாடியில் தூறல். மலை முழுக்கப் பச்சை. சாலை ஓரத்தில் கீற்றுக் கொட்டகைகள், இளநீர்க் குவியல், தொங்கும் வாழைத்தார், பப்பாளி. இளநீர் சீவியவர் வங்காளி. அரிவாளைப் பிடித்த விதம் மட்டும் பொள்ளாச்சி. "இதுக்கு நம்மூர்லயே இருந்திருக்கலாம்" என்றேன். ஆனால் செந்திலும் கவிதாவும் கையை ஜன்னலுக்கு வெளியே நீட்டித் தூறலை வாங்கிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் இருக்கிற ஊரில் கடைசியாக எப்போது மழை பெய்தது என்று கேட்டால் இருவரும் வேறு வேறு பதில் சொன்னார்கள். சரசு பிஞ்சு வாழைக்காயாகப் பார்த்து ஒரு சீப்பு வாங்கினாள்.

மலைச்சரிவில் புல்வெளியில் வண்டியை நிறுத்தினோம். பக்கத்தில் கூடாரங்களும் வண்டிகளும் பதினேழு. குவைத், கத்தார் எண் பலகைகள். எங்களுக்கு அடுத்திருந்தவர் ஓமானியர், தனியாக ஒரு பிக்கப் வண்டியில் வந்தவர். தாடி, வெள்ளை அங்கி, கையில் மெல்லிய பிரம்பு. மாலையில் அவர் எங்கள் வண்டியைச் சுற்றி வந்தார். பிரம்பால் பக்கச் சுவரைத் தட்டிப் பார்த்தார். பின்னால் போய் நின்று ஜன்னல் வழியாக உள்ளே பார்த்தார். என்னைக் கண்டதும் நெஞ்சில் கை வைத்து ஏதோ சொல்லிவிட்டுப் போனார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி ஒரு சுற்று.

வேடிக்கை பார்க்கிறவன் ஒரு தடவை சுற்றுவான். இரண்டு தடவை சுற்றுகிறவனுக்குக் காரணம் உண்டு. ஐந்து பாஸ்போர்ட்டும் சரசுவின் வளையல்களும் எங்கள் இரண்டு சூட்கேஸ்களில்தான் இருந்தன. செந்திலிடம் சொன்னேன்.

"அப்பா, அவரு பாட்டுக்கு வண்டியப் பாக்கறாரு. நம்மளே அப்படித்தான பாப்போம்?"

சங்கிலியை எடுத்தேன். ரயிலில் பெர்த்துக்குக் கீழே வளையம் இருக்கும். இங்கே எதைப் பிடித்தாலும் பிளாஸ்டிக், இழுத்தால் கையோடு வரும். சூட்கேஸ்கள் எங்கள் படுக்கையின் தலைமாட்டில் இருந்தன. அவற்றின் கைப்பிடிகளில் சங்கிலியைக் கோத்து, தலைக்கு மேல் கெட்டியாக இருந்த இரும்புப் பிடியில் இரண்டு சுற்று சுற்றிப் பூட்டினேன். இழுத்துப் பார்த்தேன். அசையவில்லை. சாவியைச் சட்டைப் பையில் போட்டேன். அன்றைக்குத்தான் அந்த வண்டியில் நிம்மதியாகத் தூங்கினேன்.

மறுநாள் காலை முழுக்கச் சுற்றினோம். அருவி, பனி மூடிய பள்ளத்தாக்கு, சாலையை மறித்துக்கொண்டு நின்ற மாடுகள். மழையில் நனைந்து மதியம் திரும்பினோம். தூறல் வலுத்துவிட்டது. வெளியே நிழற்பந்தல் ஒழுகியது. சட்டையைக் கழற்றிக் கதவோரக் கொக்கியில் காயப் போட்டுவிட்டு, பனியனோடு பின் படுக்கையில் சரசு பக்கத்தில் உட்கார்ந்தேன். யாழினி மேல் படுக்கையில் படம் வரைந்துகொண்டிருந்தாள்.

"மழைக்கு பஜ்ஜி போட்டா நல்லாருக்கும்ல அத்தை?" என்றாள் கவிதா.

வாழைக்காய் இருக்கிறது, கடலை மாவு இருக்கிறது, மழையும் இருக்கிறது. உள்ளே அடுப்பு கூடாது என்றேன். கவிதா சரசுவைப் பார்த்தாள்.

"அஞ்சு நிமிசத்துல ஆயிப்போகுங்க. பையன் மழையில பஜ்ஜி தின்னு எத்தனை வருசம் ஆச்சோ" என்றாள் சரசு. கவிதா அடுப்பைப் பற்ற வைத்தாள். செந்தில் சக்கரத்துக்குக் கல் வைக்க வெளியே போனான்.

இரண்டு ஈடு எடுத்தாகிவிட்டது. வாசனை வந்ததும் யாழினி ஏணியை விட்டுவிட்டு மேலேயிருந்து குதித்தாள். வண்டி நிற்பது வீட்டுத் தரையில் இல்லை, ஸ்பிரிங்கில். முழு வண்டியும் ஒரு ஆட்டம் ஆடியது. வாணலியிலிருந்து எண்ணெய் அடுப்பில் தளும்பியது. ஒரு கணம் நீலமாக, அடுத்த கணம் கூரை வரைக்கும் மஞ்சளாக. அடுப்புக்கு மேலிருந்த திரை பற்றிக்கொண்டது.

கவிதா பிள்ளையை வாரிக்கொண்டு கதவைத் தோளால் இடித்து வெளியே விழுந்தாள். சரியாகச் செய்தாள். நாங்கள் இருவரும் பின்னால். நடுவில் தீ. புகை கூரையில் பரவி எங்களை நோக்கி வந்தது.

நான் பதறவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். முவைலாவிலிருந்து இந்த நிமிடத்துக்காகத்தானே வந்துகொண்டிருந்தேன். "சரசு, ஜன்னல்" என்றேன். வலக் கொண்டியைத் திருப்பினேன். இடக் கொண்டியைத் திருப்பினேன். தள்ளினேன். ஜன்னல் ஒரு சாண் திறந்து, சடக்கென்று நின்றது.

சங்கிலி விறைத்து நின்றது. இரண்டு சுற்று. அதன் மறு முனையில் இரண்டு சூட்கேஸ்களும் எழும்பி ஜன்னல் விளிம்பில் மாட்டிக்கொண்டிருந்தன. நான் பூட்டியிருந்தது ஜன்னலைத் தள்ளுகிற அந்தக் கைப்பிடியில். இரண்டு நாளுக்கு முன் அதைப் பிடித்துத் தள்ளிப் பார்த்தது நான்தான்.

"பூட்டத் தொறங்க" என்றாள் சரசு, இருமிக்கொண்டே.

சாவி சட்டைப் பையில். சட்டை கதவோரக் கொக்கியில். அதன் கை தீயில் கருகுவது எனக்குத் தெரிந்தது.

சரசு என்னைப் பார்த்த பார்வையை எழுதப் போவதில்லை.

அந்த ஒரு சாண் இடைவெளியில் வெளியிலிருந்து பத்து விரல்கள் நுழைந்தன. அந்தத் தாடிக்காரர். அவர் காலை பம்பரில் ஊன்றி மேல்நோக்கி ஒரு இழுப்பு இழுத்தார். பழுத்த பிளாஸ்டிக் விரிசல் விட்டது. இன்னொரு இழுப்பு. கைப்பிடி திருகாணிகளோடு பிய்ந்து சங்கிலியோடு என் மடியில் விழுந்தது. ஜன்னல் முழுதாக உயர்ந்தது. மழை முகத்தில் அடித்தது.

அவர் ஓடிப்போய்த் தன் ஐஸ் பெட்டியைக் கொண்டுவந்து கீழே வைத்தார். பிறகு முகத்தை முழுக்க மறுபக்கம் திருப்பிக்கொண்டு, பிரம்பின் நுனியை மட்டும் சரசுவிடம் நீட்டினார். அவள் சேலையை இடுப்பில் செருகினாள். விளிம்பில் உட்கார்ந்து, உடம்பைத் திருப்பி, ஒரு காலை விட்டு, பிரம்பைப் பிடித்து, மறு காலை விட்டு இறங்கிவிட்டாள். அந்தக் கால்களோடு. நான் பயந்த அத்தனையும் அவ்வளவுதான். அவளுக்குப் பின்னால் நான் விழுந்தேன். விழுந்தேன் என்பதுதான் சரி.

அதற்குள் தீ இல்லை. செந்தில் கதவில் நின்று தீயணைப்பானை அடித்திருந்தான். முள் பச்சையில் ஒட்டி வைத்தது என்றேனே, அதுதான். சிலிண்டரும் மூடியாயிற்று. அடுப்புப் பக்கத்துச் சுவர் கருகி, உள்ளே எல்லாம் வெள்ளைப் பொடி. பஜ்ஜித் தட்டிலும் அரை விரல் கனத்துக்குப் பொடி. இறுகிப்போகும் கதவு முதல் இடியிலேயே திறந்தது. நான் சந்தேகப்பட்டதெல்லாம் வேலை செய்தது.

தாடிக்காரர் தன் கூடாரத்தில் எங்களை உட்கார வைத்து, பேரீச்சம்பழமும் சின்னக் கோப்பையில் கசப்பான காபியும் தந்தார். யாழினிக்கு மட்டும் இரண்டு மிட்டாய். செந்தில் அவரிடம் நன்றி சொல்லிச் சொல்லி மாளவில்லை. நானும் கைகூப்பினேன். அவர் மறுபடி நெஞ்சில் கை வைத்தார். முதல் நாள் வண்டியை ஏன் இரண்டு தடவை சுற்றினார் என்று கேட்டுச் சொல் என்றேன். செந்தில் கேட்க மறுத்துவிட்டான். அதனால் அது எனக்கு இன்றுவரை தெரியாது.

மழை விட்டதும் செந்தில் வண்டிக்குள் போய்ச் சங்கிலியை எடுத்து வந்தான். பூட்டு தொங்கியது. பிய்ந்த கைப்பிடியும் தொங்கியது. கருகிய சட்டையின் பையிலிருந்து சாவியும் கிடைத்திருந்தது. எல்லாவற்றையும் என் முன்னால் வைத்தான். குரலை உயர்த்தவில்லை.

"அப்பா, அந்த ஜன்னலத் தொறக்க வெக்கறதுக்கு அந்த மனுசனோட எவ்வளவு சண்டை போட்டீங்க. அதப் போய் எதுக்குப்பா பூட்டினீங்க?"

உண்மையான காரணத்தைச் சொன்னேன். யோசிக்காமல் வந்தது.

"வெளிய போறதுக்கு வெச்ச வழியில எவனாச்சும் உள்ள வந்துட்டான்னா?"

சொல்லி முடித்த பிறகுதான் காதில் விழுந்தது. காங்கேயம் பக்கத்துக் கொட்டகையில் அந்த முதலாளி நின்ற இடம், கையில் வைத்திருந்த சோடா பாட்டில், எல்லாம் தெரிந்தது. அந்த மனிதர் வேறு எதையோ மறைக்கிறார் என்றுதான் அன்றைக்கு நினைத்தேன். அவருக்கு ஒரு மாதம் கொட்டகையை மூட வைத்தேன்.

சரசு கையை நீட்டினாள். சாவியைக் கொடுத்தேன். அதை முந்தானையில் முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டு, மீதி வாழைக்காய் எங்கே என்று கவிதாவைக் கேட்டாள்.